பழைய எஸ்டீம்: ஹீட்டரில் சூடு போதவில்லை, எங்கிருந்து தேடுவது?

சத்துவாச்சாரி_எஸ்டீம் | ஞாயிறு இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2004 மாடல் மாருதி எஸ்டீம் கார், பெட்ரோல், ஓடியது 1,38,000 கிலோமீட்டர். அப்பா ஆசையாக வாங்கிய வண்டி, அவர் போன பிறகு நான் வைத்திருக்கிறேன், விற்கிற எண்ணம் இல்லை.

வேலூர் வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கை பெங்களூரில் இருக்கிறாள். இந்த மார்கழியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அம்மாவை அழைத்துக்கொண்டு விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்புகிறேன். வாணியம்பாடி வரை ஒன்றும் தெரியாது. கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி, ஓசூர் பக்கம் ஏறும்போது குளிர் ஏறிவிடுகிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி, பாதம் சில்லிட்டால் இறங்கி நடக்கவே பத்து நிமிடம் ஆகிறது. முன் கண்ணாடியும் உள்ளே பனி பூத்து எதிர் லாரியின் லைட் பட்டால் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிடுகிறது. போன வாரம் அப்படித்தான் ஓரம் கட்டி துண்டால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

குமிழை முழுச் சிவப்பில் வைத்தாலும் வருவது வெதுவெதுப்பான காற்றுதான். டோல்கேட் வரிசையில் நிற்கும்போது கொஞ்சம் சூடாக வருகிறது, 80-இல் போகும்போது ஆறிவிடுகிறது. புளோயர் நான்கு ஸ்பீடிலும் நன்றாக ஓடுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. இரண்டு ஷெட்டில் காட்டினேன், ஒருவர் ஹீட்டர் காயிலையே மாற்ற வேண்டும், டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும் என்கிறார், இன்னொருவர் பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார். காயிலுக்குப் போகும் முன் நானே பார்க்கக்கூடியது என்னென்ன?

காட்பாடி_வாசி | ஞாயிறு இரவு 10:15

நண்பரே, என் மாருதி 800-இல் இதே கதை, கடைசியில் பார்த்தால் குமிழுக்குப் பின்னால் இருக்கும் கேபிள் கிளிப்பிலிருந்து நழுவியிருந்தது. குமிழ் திரும்பும், உள்ளே ஒன்றும் அசையாது. டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, ஒருவரைக் குமிழைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். சில வண்டியில் அந்தக் கேபிள் சுடுதண்ணீர் வால்வைத் திறக்கும், சில வண்டியில் உள்ளே காற்றின் வழியை மாற்றும் ஃபிளாப் என்ற தகட்டைத் திருப்பும். உங்களுடையதில் எது என்று கேபிள் போகும் வழியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். செலவில்லாத வேலை.

ராணிப்பேட்டை_ஃபிட்டர் | திங்கள் காலை 6:05

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. நின்றால் சூடு, ஓடினால் குளிர். இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது? ஹைவேயில் அரைமணி நேரம் ஓடிய பிறகும் முள் கால்வாசிக்குக் கீழேயே கிடக்கிறதா?

ஹீட்டர் என்பது தனி அடுப்பு கிடையாது. இன்ஜின் தண்ணீரில் ஒரு பங்கு டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது, அதைத்தான் காயில் என்கிறோம், அதன்மேல் புளோயர் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். அதனால் சூடு வரவில்லை என்றால் கேள்வி மூன்றுதான். இன்ஜின் தண்ணீர் போதிய சூடாகிறதா, அந்தத் தண்ணீர் காயிலுக்குள் ஓடுகிறதா, காற்று காயில்மேல் படுகிறதா. இந்த வரிசையை மாற்றிப் பார்ப்பவர்கள்தான் எடுத்த எடுப்பில் டேஷ்போர்டைக் கழற்றச் சொல்வார்கள்.

நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். வண்டி இரவெல்லாம் நின்று ஜில்லென்று இருக்கும்போது பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்கு வரும் மேல் பைப்பைக் கையால் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், ஃபேனுக்குப் பக்கத்தில் கை போகக் கூடாது, அது எப்போது வேண்டுமானாலும் சுற்றும். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு ஒழுங்காக இருந்தால் அந்தப் பைப் பல நிமிடம் குளிர்ந்தே இருக்கும், பிறகு வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடு ஏறிக்கொண்டு வந்தால் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது வால்வே இல்லை.

அப்புறம் இன்ஜின் சூடான பின், கேபின் தகட்டுக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் பைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, கோளாறு ஃபிளாப் பக்கம். ஒன்று சுட்டு இன்னொன்று வெதுவெதுப்பு என்றால் காயில் அடைத்திருக்கிறது. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் இன்ஜினே சூடாகவில்லை. இரண்டும் குளிர் என்றால் ஏர்லாக் (பைப்பில் காற்று அடைத்து நிற்பது), மூடிய சுடுதண்ணீர் வால்வு, அல்லது தண்ணீர் மட்டம் குறைவு. பார்த்துவிட்டு எழுதுங்கள். ரேடியேட்டர் மூடியை சூட்டில் மட்டும் திறக்காதீர்கள், என் சர்வீஸில் முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொணவட்டம்_ஓம்னி | திங்கள் காலை 8:30

இதுக்கு ஏன் இவ்வளவு சிரமம் அண்ணா? என் ஓம்னியில் ஹீட்டர் பைப் இரண்டையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து பைபாஸ் பண்ணிவிட்டார்கள், ஆறு வருஷமாக ஒழுகலும் இல்லை, தொல்லையும் இல்லை. குளிருக்கு ஸ்வெட்டர் போதும்.

ராணிப்பேட்டை_ஃபிட்டர் | திங்கள் காலை 9:10

ஒழுகும் காயிலுக்கு அவசரத்துக்கு பைபாஸ் செய்வது சரிதான் தம்பி, நானே வழியில் செய்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் அவர் கேட்பது அம்மா காலுக்கு மட்டுமல்ல, கண்ணாடிக்கும் சேர்த்து. உள்ளே நாலு பேர் மூச்சு விட்டால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியத்தான் செய்யும். ஏசியைப் போட்டு குமிழைச் சூட்டில் வைத்து, வெளிக்காற்று வரும்படி திறந்துவிட்டால், ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் அதே காற்றைச் சூடாக்கிக் கண்ணாடியில் அடிக்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் கண்ணாடி தெளியும். ஹீட்டர் இல்லாத வண்டியில் அது அவ்வளவு சீக்கிரம் நடக்காது.

ஏலகிரி_டாக்ஸி | திங்கள் மதியம் 1:20

ஃபிட்டர் ஐயா சொல்வதோடு இன்னொன்று. நான் பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நடை அடிப்பவன், பதினாலு கொண்டை ஊசி வளைவு. கோடையில் ஆள் நிறைத்துக்கொண்டு ஏறும்போது முள் ஏறினால் முதலில் ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து புளோயரை நாலில் வைப்பேன். உள்ளே வெந்துபோகும், ஆனால் முள் இறங்கும், ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்கலாம். அதனால் ஹீட்டர் குளிருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், மலை ஏறுகிற வண்டிக்கு அது இரண்டாவது ரேடியேட்டர். பைபாஸ் பண்ணின வண்டியில் அந்த வழி அடைபட்டுப் போகிறது.

சத்துவாச்சாரி_எஸ்டீம் | செவ்வாய் காலை 7:50

ஐயா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். மேல் பைப் இரண்டாவது நிமிடத்திலேயே வெதுவெதுப்பு, அப்புறம் படிப்படியாக ஏறிக்கொண்டே போனது, சட்டென்று சுடவே இல்லை. முள்ளும் நீங்கள் கேட்டபடிதான், ஹைவேயில் கால்வாசிக்குக் கீழேயே கிடக்கும், நான் அதை நல்லதென்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹீட்டர் பைப் இரண்டில் ஒன்று சுமாரான சூடு, இன்னொன்று வெதுவெதுப்பு. கேபிளையும் பார்த்தேன், ஃபிளாப் முழுக்கத் திரும்புகிறது.

பயந்துகொண்டேதான் மேல் பைப் இன்ஜினில் சேரும் இடத்தில் இருக்கும் மூடியின் இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். உள்ளே வால்வே இல்லை! வெறும் வட்ட ஓட்டை. கேஸ்கட்டுக்குப் பதில் பேஸ்ட் பூசி மூடியிருக்கிறார்கள். 2015 கோடையில் அப்பா ஒருமுறை பள்ளிகொண்டா பக்கத்தில் வண்டி சூடேறி நின்று ஒரு ஷெட்டில் விட்டுவந்தார், அதற்கப்புறம் முள் ஏறவே இல்லை என்று சந்தோஷப்பட்டார். அப்போதுதான் எடுத்திருப்பார்கள்.

ராணிப்பேட்டை_ஃபிட்டர் | செவ்வாய் காலை 8:25

நினைத்தேன். நம் ஜில்லாவில் பத்துப் பழைய வண்டியைத் திறந்தால் பல வண்டியில் வால்வு இருக்காது. ஊர் வெயிலுக்கு வால்வு தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை எப்படியோ ஷெட்டுகளில் வேரூன்றிவிட்டது, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் அது வண்டியை மெல்ல மெல்லக் கெடுக்கிறது.

வால்வின் வேலை இன்ஜினைச் சூடாக வைத்திருப்பது. உங்கள் வண்டிக்கு 82 டிகிரியில் திறக்கும் வால்வு கிடைக்கும். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்கு ஓடி ஆறிவிடுகிறது, 80 ஸ்பீடில் முன்காற்றும் சேர்ந்தால் இன்ஜின் சூடாகவே விடாது. உங்களுடையது எம்பிஎஃப்ஐ வண்டி, பெட்ரோலைக் கம்ப்யூட்டர்தான் அளந்து விடும், இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்தால் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலில் கலக்கும், இன்ஜினுக்குள் சேரும் ஈரமும் ஆவியாகாமல் தங்கிவிடும், அதனால் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் பசை மாதிரி இருக்கும், போய்ப் பாருங்கள்.

2015-இல் வண்டி சூடேறியதற்குக் காரணம் வேறு ஏதோ, அந்தக் காரணம் இன்னும் உள்ளேயே இருக்கும். அதனால் வால்வைப் போட்ட பிறகு முள்ளின்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

புது வால்வை மாட்டும் முன் சோதித்துவிடுங்கள். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள், ஒரு தெர்மாமீட்டரும் இருந்தால் நல்லது. 82-ஐ ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாக அகலத் திறந்துவிட வேண்டும், எடுத்து வெளியே வைத்தால் மூட வேண்டும். மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்த்து, சின்ன ஊசி ஆடும் ஓட்டை மேல்பக்கம், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

சத்துவாச்சாரி_எஸ்டீம் | வியாழன் இரவு 9:05

ஆயில் மூடியைத் திறந்தேன் ஐயா, நீங்கள் சொன்ன மஞ்சள் பசை இருந்தது, ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றிவிட்டேன்.

வால்வு டவுனில் ஸ்பேர் கடையில் கேட்ட உடனே கிடைத்தது. சமையல் பாத்திரத்தில் வேண்டாம் என்று ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைத் தேய்த்துக் கழுவி, கொல்லைப்புற அடுப்பில் வைத்தேன், அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 80 வரை ஒன்றும் இல்லை. 83 காட்டும்போது விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு விரல் கனத்துக்குத் திறந்தது. வெளியே எடுத்து வைத்ததும் மெதுவாக மூடிக்கொண்டது. அம்மா, உயிர் இருக்கிற மாதிரி இருக்கேடா என்றார்.

மாட்டி, தண்ணீர் ஊற்றி, ஏர்லாக் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பள்ளிகொண்டா போய்த் திரும்பியதில் முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து அசையாமல் நிற்கிறது. ஹீட்டர் முன்பைவிட நன்றாக இருக்கிறது, ஆனாலும் முழுச் சூடு இல்லை. வென்ட்டில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 38 டிகிரி. முன்பு 31. பைப்பைத் தொட்டால் இப்போது ஒன்று கையை வைக்க முடியாத சூடு, இன்னொன்று வெதுவெதுப்பு. காயில் அடைப்புதானே?

பாலாற்றங்கரை | வியாழன் இரவு 10:30

சத்துவாச்சாரி நண்பரே, ஒரே கேள்வி, அப்பா காலத்திலிருந்து ரேடியேட்டரில் என்ன ஊற்றினீர்கள்? போர் தண்ணீரா?

எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். எங்கள் வீட்டுக் குழாயின் வாயில் வெள்ளை உப்பு ஒரு சங்கு மாதிரி வளர்ந்திருக்கும், மாதம் ஒருமுறை ஸ்க்ரூடிரைவரால் உடைப்போம். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கி, கிணறுகள் உப்பானது தெரிந்த கதை, 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பே சொன்னது. குடிக்க ஆகாது என்று நாம் ஒதுக்கும் அதே தண்ணீரை, ஒரு குடம்தானே என்று ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். வீட்டில் வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் சுண்ணாம்பு, இன்ஜினுக்குள்ளும் படியாமல் எங்கே போகும்? காயிலின் குழாய் சின்னது, முதலில் அடைபடுவது அதுதான். அலுமினியத்தை உப்பு அரிக்கவும் செய்யும். காவிரித் தண்ணீர் வந்தால் அதை ஊற்றலாமே என்பார்கள், அதுவும் வேண்டாம், அதிலும் கரைந்த உப்பு உண்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், அதில் கூலன்ட், வேறெதுவும் கூடாது.

சத்துவாச்சாரி_எஸ்டீம் | வியாழன் இரவு 10:45

போர் தண்ணீர்தான். வாசலில் இருக்கும் குழாயில் பிடித்தே ஊற்றுவோம், பத்து வருஷத்துக்கு மேல். போன வாரம்கூட நான் ஊற்றினேன்.

ராணிப்பேட்டை_ஃபிட்டர் | வெள்ளி காலை 5:50

அப்படியென்றால் 2015-இல் வண்டி ஏன் சூடேறியது என்பதற்கும் அதுவே விடையாக இருக்கலாம். ரேடியேட்டர் சுண்ணாம்பில் அடைத்திருக்கும், அதைச் சுத்தம் செய்யாமல் வால்வைத் தூக்கியெறிந்திருக்கிறார்கள். இப்போது வால்வு வந்துவிட்டதால் கோடைக்கு முன் ரேடியேட்டரையும் கழற்றிக் கொடுத்து ராடு போட்டு, அதாவது குழாய்களில் கம்பி விட்டு, சுத்தம் செய்துவிடுங்கள், இல்லையென்றால் ஏப்ரலில் முள் ஏறும், மறுபடியும் யாராவது வால்வை எடுக்கச் சொல்வார்கள்.

காயிலுக்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டாம். வண்டி முழுக்க ஆறட்டும். கீழே ஒரு பேசின் வைத்து, ஹீட்டர் பைப் இரண்டையும் கழற்றுங்கள். இருபது வருஷ ரப்பர், இழுத்தால் வராது, இழுக்கவும் கூடாது, உள்ளே இருக்கும் காயிலின் முனை உடைந்தால் பிறகு டேஷ்போர்டைக் கழற்றியே ஆக வேண்டும். கிளாம்பைத் தளர்த்தி மெல்லத் திருகுங்கள், வராவிட்டால் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுங்கள், எப்படியும் பைப்பைப் புதிதாக மாற்ற வேண்டியதுதான்.

சூடாக இருந்த பைப் உள்ளே போகும் வழி, வெதுவெதுப்பானது வெளியே வரும் வழி. நீங்கள் தண்ணீரைத் திரும்பும் வழியாக உள்ளே விட வேண்டும், எதிர்த்திசையில் தள்ளினால்தான் படிந்தது பெயர்ந்து வரும். செடிக்கு ஊற்றும் ஹோஸ் போதும், குழாயைக் கால்வாசி மட்டும் திறங்கள். கார் வாஷ் பிரஷர் வைத்தால் பழைய காயில் வெடித்துவிடும். தெளிந்த தண்ணீர் வந்த பிறகு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து காயிலில் நிரப்பி இருபது நிமிடம் விட்டு, மறுபடியும் நன்றாகக் கழுவுங்கள். இன்ஜினுக்குள் அதை விட வேண்டாம். டாய்லெட் கழுவும் ஆசிட், காஸ்டிக் சோடா, யார் சொன்னாலும் தொடாதீர்கள், அலுமினியத்தைத் தின்றுவிடும். கடைசியில் இரண்டு லிட்டராவது டிஸ்டில்டு வாட்டரால் அலசிவிடுங்கள்.

முடித்த பிறகு பயணி பக்கம் கால் வைக்கும் தரைவிரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். சில சமயம் அந்தச் சுண்ணாம்புதான் ஓட்டையை அடைத்து வைத்திருக்கும், சுத்தம் செய்ததும் ஒழுகத் தொடங்கும். ஈரம் இல்லை, இனிப்பு வாசனை இல்லை, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இல்லை என்றால் காயில் பிழைத்தது.

ஏலகிரி_டாக்ஸி | வெள்ளி மதியம் 2:00

ஏர்லாக் எடுக்க எங்கள் வழி: வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்துவோம், ஹீட்டர் முழுச் சிவப்பு, ஜில்லென்ற இன்ஜினிலேயே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழி வர வர கூலன்ட் ஊற்றிக்கொண்டே இருந்து, நிரம்பி வழியப் பார்க்கும்போது மூடிவிடுவோம். அப்புறம் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டு, முழுக்க ஆறவைத்து மட்டம் பார்ப்போம். டேஷ்போர்டுக்குப் பின்னால் களகள என்று ஓடை மாதிரி சத்தம் கேட்டால் இன்னும் காற்று இருக்கிறது. எவ்வளவு எடுத்தாலும் குமிழி நிற்கவே இல்லை என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள், அதோடு ஓட்டாதீர்கள்.

சத்துவாச்சாரி_எஸ்டீம் | ஞாயிறு மாலை 6:30

நேற்றும் இன்றும் இதே வேலை.

திரும்பும் வழியில் ஹோஸை வைத்ததும் முதல் அரை நிமிடம் ஒன்றுமே வரவில்லை, சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. பிறகு மறுபக்கம் டீ நிறத்தில் துருத் தண்ணீர் குபுக்கென்று வந்தது, அதன் பின்னால் வெள்ளையாக ஏதோ. பேசினில் பிடித்து வடிகட்டிப் பார்த்தேன். முட்டை ஓட்டைக் கையால் நொறுக்கிப் போட்ட மாதிரி மெல்லிய சில்லுகள், ஒரு பக்கம் வழவழப்பு, இன்னொரு பக்கம் துரு ஒட்டிய சொரசொரப்பு, இரண்டு கை நிறைய இருக்கும். எலுமிச்சை உப்பு ஊற்றியதும் சோடா மாதிரி நுரைத்தது, இரண்டாவது முறை ஊற்றும்போது நுரை குறைந்துவிட்டது. அதன் பிறகு ஹோஸ் தண்ணீர் தடையில்லாமல் விரல் கனத்துக்கு வந்தது.

இன்ஜினையும் நான்கு முறை தண்ணீர் மாற்றி ஓட்டி, கடைசி இரண்டு முறை டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விட்டேன். புது பைப், புது கிளாம்ப், கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. எங்கள் தெருமுனை ஏற்றத்தில் மூக்கை ஏற்றி டாக்ஸி அண்ணா சொன்னபடி ஏர்லாக் எடுத்தேன்.

இன்று காலை நாலு மணிக்கு அம்மாவை உட்காரவைத்து நாட்றம்பள்ளி வரை போய்த் திரும்பினேன். ஆம்பூர் தாண்டும்போது வென்ட்டில் 54 டிகிரி, 80-இல் போனாலும் இறங்கவில்லை. வாணியம்பாடிக்கு அப்புறம் அம்மாவே குமிழைக் குறைக்கச் சொல்லிவிட்டார். கண்ணாடியில் பனி பூத்ததும் ஏசியையும் சேர்த்துப் போட்டேன், கீழிருந்து விசிறி மாதிரி தெளிந்துகொண்டே மேலே ஏறியது. வந்ததும் தரைவிரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது.

மொத்தச் செலவு வால்வு, பைப், கூலன்ட், ஆயில் எல்லாம் சேர்த்து, காயில் மாற்றச் சொன்னவர் கேட்ட கூலியில் பாதிகூட ஆகவில்லை. ரேடியேட்டரை பொங்கலுக்கு அப்புறம் கழற்றிக் கொடுக்கிறேன். ஃபிட்டர் ஐயாவுக்கு அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.

ராணிப்பேட்டை_ஃபிட்டர் | ஞாயிறு இரவு 7:15

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இரண்டு வேலை பாக்கி. முதல் ஒரு வாரம் தினமும் காலையில் ஆறிய வண்டியில் மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கும், அதே கலவையை ஊற்றுங்கள். வடித்த கூலன்ட் ஏதாவது இருந்தால் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டாதீர்கள், இனிப்பாக இருக்கும், தெரு நாயும் கன்றுக்குட்டியும் நக்கினால் செத்துவிடும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். கேனில் மூடி வைத்து ஷெட்டில் கொடுத்துவிடுங்கள்.

கொணவட்டம்_ஓம்னி | ஞாயிறு இரவு 8:40

ஐயா, இதைப் படித்துவிட்டு இன்று என் ஓம்னியில் மேல் பைப்பைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றரை நிமிடத்திலேயே சூடு ஏறுகிறது. நாளைக்கு மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன், எனக்கும் அதே 82 டிகிரி வால்வுதானா?

ராணிப்பேட்டை_ஃபிட்டர் | ஞாயிறு இரவு 8:55

இன்ஜின் வேறு தம்பி, வால்வின் அளவும் மாறலாம். பழையது உள்ளே இருந்தால் அதையே கடைக்கு எடுத்துப்போங்கள், டிகிரி அதன் மேலேயே அடித்திருக்கும். இல்லாவிட்டால் மாடல், வருஷம் சொல்லிக் கேளுங்கள். பைபாஸ் பண்ணின காயில் இன்னும் உள்ளேயே இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.